நாற்காலியை விட்டு எழவிடாதே

நடைக்கூடத்துக் கம்பளத்தைச் சுருட்ட ஆரம்பித்தபோது வெர்னருக்கு அது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. பாதி சுருட்டியதும் முதுகு பிடித்துக்கொண்டது. சுருட்டிய பாதியின் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரைத் தாண்டி, கையில் இரண்டு கோப்பைகளோடு யூட்டே சமையலறைக்குப் போனாள்.

"யூட்டே, எதையும் தூக்காதே. போய் உக்காரு."

"ரெண்டு கோப்பைதானே வெர்னர்."

"முதல்ல கோப்பை விழும். அப்புறம் நீ விழுவே. உக்காருன்னா உக்காரு."

யூட்டே உட்கார்ந்தாள். செங்கல் சூளையில் முப்பது ஆட்களை மேய்த்த குரல் அது. ஓய்வு பெற்ற பிறகு மேய்ப்பதற்கு வெர்னருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆள்தான்.

இன்று காலை பத்து மணிக்கு நகராட்சியிலிருந்து ஒரு பெண்மணி வீட்டுக்கு வருகிறார். போன வாரம் அதற்காக அழைப்பு வந்தபோது தொலைபேசியை எடுத்தது யூட்டே. "எழுபத்தஞ்சு ஆனவங்க வீட்டுக்கெல்லாம் வந்து பாப்பாங்க இல்ல, எப்படி நடமாடறாங்க, விழாம இருக்க என்ன பண்ணலாம்னு..." என்று அவள் ஆரம்பித்தாள். அவள் சொல்வதை முடிக்கும்வரை கேட்கும் வழக்கம் வெர்னருக்கு இல்லை. அவர் முகம் அதற்குள்ளேயே வெளுத்துவிட்டது.

யூட்டேக்கு எழுபத்தெட்டு. கொஞ்ச நாளாகவே அவள் உடம்பு சரியில்லை என்பது அவருக்குத் தெரியும். முன்பெல்லாம் கடைத்தெருவுக்குப் போனால் அவள் பின்னால் அவர் ஓடவேண்டியிருக்கும். இப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வருகிறாள். மத்தியானம் சாப்பிட்ட கையோடு நாற்காலியிலேயே தூங்கிப் போகிறாள். போன ஏப்ரலில் தேவாலயப் படியில் தடுமாறி, அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தாள். அவளுக்கு முழங்கை முழுக்க ஊதா நிறம். நல்ல வேளையாக அவள் மேல் விழுந்ததால் வெர்னருக்கு ஒன்றும் ஆகவில்லை. 'நீ என்னை இழுத்துட்டே' என்று அவர் சொன்னபோது அவள் மறுக்கவும் இல்லை.

இதையெல்லாம் நகராட்சிக்காரி கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தத் தெருவிலேயே சாட்சி இருந்தது. கோடிவீட்டு ஹோல்கரின் மனைவியைப் பார்க்கவும் நகராட்சியிலிருந்து ஒருத்தி வந்தாள், சிரித்துச் சிரித்துப் பேசினாள். அந்த அம்மாள் இப்போது நீரிணைக்கு அக்கரையில் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஹோல்கர் தினமும் பேருந்து பிடித்துப் போய் அவளுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, திரும்பி வந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டு ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் வெர்னர் தலையைத் திருப்பிக்கொள்வார். யூட்டே இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே அவர் திட்டம் போட்டார். தடுக்கி விழ வாய்ப்பிருக்கிறது என்று எழுதிவிடுவார்கள், எனவே கம்பளங்கள் போகவேண்டும். போயின. கம்பளம் போனதும் பலகைத் தரை கண்ணாடி மாதிரி வழுக்கியது. குளியலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் யூட்டேக்காக அவரே பதித்த பிடிகம்பி, 'இங்கே ஒரு நோயாளி இருக்கிறாள்' என்று காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கழற்றினார். கம்பியோடு இரண்டு ஓடுகளும் பெயர்ந்து வந்து, சுவரில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஓட்டையை மறைக்கச் சுருட்டிய கம்பளங்களையெல்லாம் அங்கே நட்டு வைத்தார். இப்போது குளியலறைக் கதவு பாதிதான் திறந்தது.

வாசலில் யாரோ கதவைக் காலால் தட்டினார்கள்.

"யோவ் வெர்னர், திறய்யா. கை ரெண்டும் மரத்துப் போச்சு."

பக்கத்து வீட்டு போடில். மோவாய் வரைக்கும் அடுக்கிய கேக் டப்பாக்களுக்குப் பின்னால் அவள் முகம் தெரியவில்லை. மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஏழு மெத்துமெத்து, ஏழு மொறுமொறு. நானும் தேவாலயத்துப் பொம்பளைங்களுமா ரெண்டு நாள் சுட்டிருக்கோம். வர்றவங்க உடம்பைப் பாக்க வர்றாங்களா, கல்யாணத்துக்கு வர்றாங்களா?"

"உனக்குப் புரியாது. நம்ம பக்கத்து மரியாதை என்ன? வந்தவங்க பதினாலையும் ஒண்ணு விடாம ருசி பாத்தாகணும். பாத்து முடிக்கறதுக்குள்ள அடுத்த வீட்டுக்கு நேரமாயிடும். யூட்டேயை எழுந்து நடன்னு சொல்ல அவங்களுக்கு நேரமே இருக்காது. வந்தவங்களும் நாற்காலியை விட்டு எழக்கூடாது, இவளும் எழக்கூடாது."

"யூட்டேயையா நடக்கச் சொல்லுவாங்க?" என்று ஆரம்பித்தாள் போடில்.

"போடில், உங்க வீட்டுல கொஞ்சம் பால் இருக்குமா?" என்றாள் யூட்டே.

போடில் அவளைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு," என்றார் வெர்னர். "இதெல்லாம் யூட்டே சுட்டதுன்னு சொல்லப் போறேன்."

"என் பேரைச் சொன்னா கேக் கசந்துடுமாக்கும்," என்று முணுமுணுத்துவிட்டுப் போடில் பால் எடுக்கப் போனாள்.

பத்து மணிக்கு நகராட்சியிலிருந்து அந்தப் பெண்மணி, லோனே, வந்தார். ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, முதுகில் பை, அடித்த காற்றில் சிவந்த கன்னம். "மோயின், யூட்டே. மோயின், வெர்னர்," என்று இந்தப் பக்கத்து வணக்கத்தைச் சொல்லிக்கொண்டே காலணியைக் கழற்றினார். கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் கோட்டை மாட்டினார். முன்பின் வராத வீட்டில் கொக்கி இருக்கும் இடம்கூடத் தெரிந்து வந்திருக்கிறாளே, எவ்வளவு விசாரித்திருப்பாள் என்று வெர்னர் பயந்துபோனார்.

காலுறையோடு தரையில் கால் வைத்த லோனே ஓரடி சறுக்கி, சுவரைப் பிடித்து நின்றார்.

"தரை நல்லா பளபளன்னு இருக்கே."

"யூட்டே துடைச்சது," என்றார் வெர்னர். "முட்டி போட்டு."

மேசையைப் பார்த்ததும் லோனேயின் சிரிப்பு கொஞ்சம் தளர்ந்தது. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். தப்பிக்க வழியில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"இப்பதான் ஒரு வீட்டுல சாப்பிட்டுட்டு..."

"அந்த வீட்டுல சாப்பிட்டீங்க, எங்க வீட்டுல வேண்டாமா?"

லோனே உட்கார்ந்தார். வெண்ணெய் தடவிய பன்னில் தொடங்கினார். வெர்னர் எதிரே உட்கார்ந்து, தட்டு காலியாவதற்கு முன்பே அடுத்ததை வைத்தார். ஆப்பிள் கேக் போனது. க்ரீம் கேக் போனது. கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. கேட்கும்போதெல்லாம் லோனே அவர் முகத்தையே பார்த்தார். வீட்டுக்குப் பெரியவர் என்ற மரியாதை போலிருக்கிறது என்று வெர்னர் எண்ணிக்கொண்டார்.

"ராத்திரியில எழுந்துக்கறதெல்லாம் எப்படி?"

"யூட்டேயா? படுத்தா கட்டை. நான்தான் அவ நல்லா தூங்கறாளான்னு பாக்க ரெண்டு மூணு தரம் எழுந்திருப்பேன். எழுந்தது எழுந்தோம்னு அப்படியே பாத்ரூமுக்கும் போய்ட்டு வருவேன்."

"மாத்திரை?"

"அவளுக்கு ஒண்ணே ஒண்ணு. மறந்துடாதேன்னு நான்தான் சொல்லணும். என்னோட டப்பாவை அவ அடுக்கித் தருவா. அவளுக்கும் ஏதாவது வேலை வேணுமில்ல."

யூட்டே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஊற்றும்போது அவள் கை லேசாக ஆடியது. வெர்னர் சட்டென்று குடுவையை வாங்கிக்கொண்டார். லோனே அதைப் பார்த்துவிட்டாரோ என்ற பயத்தில் ஊற்றிய காபி பாதி தட்டில் போனது.

லோனே கறுப்பு ரொட்டியில் செய்த அடுக்குக் கேக்கை வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

"யூட்டே, இதுல என்ன ஜாம் போட்டீங்க?"

"தெரியலையே," என்றாள் யூட்டே. பொய் அவளுக்கு வராது.

"கைப்பழக்கம்," என்றார் வெர்னர் அவசரமாக. "என்ன போடறோம்னே தெரியாம போட்டுடுவா. பதினாலும் இவ ஒருத்தியே சுட்டது. நேத்து பூரா அடுப்படியில நின்னுட்டே இருந்தா. உக்காரவே இல்ல."

"பரவாயில்லையே. ஒரு நாள் பூரா நிக்க முடியுதுன்னா நம்ம சோதனையெல்லாம் விளையாட்டு மாதிரி. நாற்காலியிலேர்ந்து கையை ஊனாம எழுந்து எழுந்து உக்காரணும். அப்புறம் கொஞ்சம் நடை. அவ்வளவுதான்."

வெர்னருக்குத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"மொறுமொறு இன்னும் தொடவே இல்லையே," என்றார். இஞ்சி பிஸ்கட்டை லோனேயின் தட்டில் குவித்தார். எண்ணெயில் பொரித்த முறுக்கு பிஸ்கட்டை அதன் மேல் வைத்தார். வெனிலா வளையங்களை அதற்கும் மேல் அடுக்கினார். லோனே மென்று தீர்த்தார். நெற்றியில் வேர்வை பூத்தது. கடைசி பிஸ்கட்டைக் காபியோடு விழுங்கிவிட்டு, கையை விரித்துப் பார்த்தார்.

"ஒரே பிசுபிசுப்பு. கை கழுவிட்டு வந்துடறேன். எப்படியும் குளியலறையைப் பாக்கணும், அங்கதான் நிறைய பேர் விழறாங்க."

"நான் பாத்துட்டு வர்றேன்," என்று வெர்னர் பாய்ந்தார்.

பாய்ந்திருக்கக் கூடாது. வழுக்கும் தரையில் நாலடி சறுக்கி, பாதி திறந்த கதவு வழியாக உள்ளே போய், கம்பளங்களின் மேல் மோதினார். அவை ஒவ்வொன்றாகச் சாய்ந்து கதவை உள்ளிருந்து அடைத்தன. வெர்னர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். எழலாம் என்று பழக்கத்தில் கை சுவருக்குப் போனது. அங்கே ஓட்டைதான் இருந்தது.

"வெர்னர்?" யூட்டேயின் குரல் கதவுக்கு அந்தப் பக்கம்.

"வராதே. வழுக்கும். நீ போய் உக்காரு."

"எழுந்திருக்க முடியலையா?"

"நான் ஏன் எழுந்திருக்கணும்? சும்மா உக்காந்திருக்கேன்."

கதவு இஞ்ச் இஞ்சாக நகர்ந்தது. யூட்டேயின் கை உள்ளே வந்தது, தோள் வந்தது. கம்பளங்களை அவள் ஒவ்வொன்றாக இழுத்து நடைக்கூடத்தில் போட்டாள். தூக்காதே தூக்காதே என்று வெர்னர் உள்ளிருந்து கெஞ்சிக்கொண்டே இருந்தார். இத்தனை சிரமத்துக்கு இவள் ராத்திரிக்குள் படுத்தபடுக்கையாகிவிடுவாள் என்று அவர் பயந்தார். கடைசியில் அவள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்து எழுந்தார்.

குளியலறை வாசலில் லோனே நின்றிருந்தார். அவர் பார்வை சுவரில் இருந்தது.

"இங்க ஒரு பிடிகம்பி இருந்திருக்கும் போல."

"இருந்ததே இல்ல."

லோனே குனிந்து தரையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதைக் கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கை கழுவினார். ஹோல்கர் வீட்டுக்கு வந்தவளும் இப்படித்தான் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருப்பாள் என்று வெர்னர் நினைத்தார்.

மறுபடி மேசைக்கு வந்ததும் லோனே மணி பார்க்கவில்லை. அடுத்த வீட்டைப் பற்றிப் பேசவில்லை. பையிலிருந்து நிறுத்துக் கடிகாரத்தை எடுத்து வைத்தார். இரண்டு நாள் சுட்ட பதினான்கு வகையும் வீணாகப் போயின.

"சரி, ஆரம்பிக்கலாமா? கையைக் கட்டிக்கிட்டு, எழுந்து, உக்காந்து..."

"நான் முதல்ல செஞ்சு காட்டறேன்," என்றார் வெர்னர். "யூட்டேக்குப் பாத்தாத்தான் புரியும்."

"அதுதான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் லோனே.

கையைக் கட்டிக்கொண்டு வெர்னர் எழுந்தார், உட்கார்ந்தார். நிதானமாகச் செய்து நேரத்தை ஓட்டிவிடலாம் என்பது எண்ணம். இரண்டாவது தடவை தானாகவே நிதானமாகிவிட்டது. மூன்றாவது தடவை பாதியில் நின்றுபோய், கட்டிய கை அவிழ்ந்து, மேசை விரிப்பைப் பற்றியது. விரிப்பு வந்தது. விரிப்போடு கோப்பைகளும் வந்தன. க்ரீம் கேக்கின் மிச்சத்தை லோனே இரண்டு கையாலும் பிடித்துக் காப்பாற்றினார்.

"இவ இதைவிட நல்லா செய்வா," என்றார் வெர்னர் மூச்சு வாங்க. "ஆனா இப்ப வேண்டாம். இப்பதான் சாப்பிட்டிருக்கா."

"சரி, நடந்து பாப்போம். கதவு வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வாங்க, போதும்."

வெர்னர் யூட்டேயின் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டார். தேவாலயத்துக்குப் போகும்போது போவதைப் போலவே இரண்டு பேரும் அடிமேல் அடி வைத்துக் கதவுவரை போனார்கள். அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். அவள் ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. பிழைத்தோம் என்று அவர் திரும்பினார்.

"நல்லா இருக்கு," என்றார் லோனே. "இப்ப கையை விட்டுட்டு வாங்க."

"விடக்கூடாது."

"ஏன்?"

"நாங்க எப்பவும் இப்படித்தான் நடப்போம். இதுல என்ன தப்பு? புருஷன் பொண்டாட்டி கையைப் பிடிச்சு நடக்கக் கூடாதுன்னு நகராட்சியில சட்டம் போட்டிருக்கீங்களா?"

"வெர்னர்," என்றாள் யூட்டே மெதுவாக. "விட்டுப் பாரேன்."

அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கே தெரியவில்லை, எவ்வளவு பெரிய ஆபத்தில் நிற்கிறாள் என்று. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு விட்டார்.

ஓரடி வைத்தார். தரை ஒரு பக்கமாகப் போனது, ஜன்னல் மேலே போனது. அடுத்த கணம் யூட்டே அவர்மேல் இருந்தாள். அவள் இரண்டு கையும் அவர் இடுப்பைச் சுற்றியிருக்க, இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார்கள்.

சாய்ந்துவிட்டாள். லோனேயின் கண்ணெதிரே சாய்ந்துவிட்டாள். நல்ல வேளை, அவர் குறுக்கே இருந்தார். ஆனால் இனி மறைக்க ஒன்றுமில்லை. வெர்னர் அவளை விடாமல் அப்படியே நின்று அழுதார். சூளையில் கை நசுங்கியபோதுகூட அழாத மனிதர்.

"இவளைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. கேக் சுட்டதெல்லாம் போடில். கம்பியைக் கழட்டினது நான். கம்பளத்தை எடுத்தது நான். அதனாலதான் இவ இப்ப சறுக்கினா, இல்லேன்னா சறுக்க மாட்டா. நான் விடவே மாட்டேன், பாத்துக்கறேன். இவ இல்லாம எனக்குக் காபிகூட இறங்காது. அக்கரைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."

லோனே நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"நான் யாரையும் எங்கயும் கூட்டிட்டுப் போறதில்லை வெர்னர். அவங்கவங்க வீட்டுலயே கடைசி வரைக்கும் சொந்தக் கால்ல நடமாடணும்னுதான் வீடு வீடா வர்றேன். வேண்டாம்னா நீங்க தொலைபேசியிலயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம், நான் வந்தே இருக்க மாட்டேன்."

"ஹோல்கர் பொண்டாட்டி?"

"ஹோல்கர் ரெண்டு தடவை வேண்டாம்னுட்டார்," என்றாள் யூட்டே. "அவ இடுப்பு ஒடிஞ்ச அப்புறம்தான் வரச் சொன்னார். அவரே என்கிட்ட சொல்லி அழுதார்."

வெர்னர் அவளைப் பார்த்தார், லோனேயைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய செங்கல் இறங்கியது. இறங்கியதும் பழைய குரலும் கொஞ்சம் திரும்பி வந்தது.

"அப்படின்னா சரி. அந்தக் கம்பியை இன்னிக்கே மாட்டறேன். என்னென்ன பயிற்சின்னு சொல்லுங்க, தினமும் நான் முன்னால நின்னு இவளைச் செய்ய வைக்கறேன். ஆனா ஒண்ணு, அவசரப்படுத்தக் கூடாது. இவளால மெதுவாத்தான் நடக்க முடியும்."

காலி டப்பாக்களை எடுத்துப் போக வந்திருந்த போடில் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். யூட்டே அவளைப் பார்த்துத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. போடிலுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"யூட்டேயா மெதுவா? தினம் காலையில நீ குறட்டை விட்டுட்டிருக்கற நேரத்துல கலங்கரை விளக்கு வரைக்கும் போய்ட்டு வர்றா, கூடப் போற எனக்கு மூச்சு முட்டுது. உன் கையைப் பிடிச்சுட்டு வரும்போது மட்டுந்தான்யா அவ மெதுவா நடக்கறா."